கட்டை ஸ்கூட்டரும் ஒரு மாறுதல் விண்ணப்பமும்

1986, ஜூன். திண்டிவனத்தில் ஒரு பெண்கள் பள்ளியின் அறிவியல் ஆசிரியையான என் மனைவி, விழுப்புரத்துக்கு மாறுதல் கோரி விண்ணப்பித்தார். காரணம்: கணவர் விழுப்புரத்தில் கல்லூரி விரிவுரையாளர்.

ஆகஸ்ட். நினைவூட்டு மனு அளிக்கப்பட்டது. பதில் வரவில்லை.

செப்டம்பர். மனைவியின் தம்பி சிங்கப்பூரிலிருந்து விடுமுறையில் வந்தார். ஒன்றோடொன்று பொருந்தும் பிளாஸ்டிக் கட்டைகள் அடங்கிய பெட்டி ஒன்றைத் தந்தார்.

அக்டோபர். பள்ளிகளுக்கிடையிலான கண்காட்சி அறிவிக்கப்பட்டது. பொருள்: இரண்டாயிரமாவது ஆண்டின் போக்குவரத்து.

நவம்பர். மழை. கட்டைகளால் ஸ்கூட்டர் மாதிரி ஒன்று செய்து முடிக்கப்பட்டது.

டிசம்பர். திண்டிவனத்தில் கண்காட்சி நடைபெற்றது. மாதிரி உடைந்தது, மீண்டும் பொருத்தப்பட்டது, முதல் பரிசு பெற்றது. விண்ணப்பத்தின் மீதான முடிவும் அன்றே தெரியவந்தது.

மேலே உள்ள வரிகளுக்கு ஆவணச் சான்று உண்டு. இனி எழுதப்போவதற்கு இருந்த ஒரே சாட்சி என் மனைவி. சென்ற ஐப்பசியில் அவள் காலமானாள்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள், முன்கூட்டியே கூடிப் பேசி முடிவு செய்தவர்களைப் போல, அவளைப் பொறுமைசாலி என்றே குறிப்பிட்டார்கள். பூமாதேவி என்றார் ஒருவர். அந்த நேரத்தில் வந்தவரை மறுத்துப் பேசுவது முறையன்று என்பதால் தலையசைத்தேன். காரியங்கள் முடிந்துவிட்டன, இப்போது மறுக்கலாம். என் மனைவியிடம் நற்குணங்கள் பல இருந்தன. பொறுமை அவற்றுள் ஒன்றன்று. அவளிடம் இருந்தது கூரிய நாக்கு. அரசாங்கம் அதற்கு ஓயாமல் வேலை கொடுத்துக்கொண்டிருந்தது.

எங்களுக்குத் திருமணமாகி மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. நான் விழுப்புரத்தில், ரயிலடிக்கு அருகே ஒரு வாடகை வீட்டில். அவள் திண்டிவனத்தில், ஒரு மாடி அறையில். பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவுதானே, நாள்தோறும் போய்வரலாமே என்று பலர் கேட்டார்கள். காலையில் சிறப்பு வகுப்பு, மாலையில் இருட்டும்வரை மீண்டும் சிறப்பு வகுப்பு, இரண்டுக்கும் இடையே சிறப்பில்லாத வகுப்புகள் என்று அவளுடைய பள்ளி நடந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை இரவு வருவாள். திங்கட்கிழமை விடியுமுன் போய்விடுவாள். சிறு குடும்பத்தின் மேன்மையைச் சுவர்தோறும் எழுதிவைத்த அரசு, எங்கள் குடும்பத்தை ஊருக்கு ஒருவராகப் பிரித்து, அதற்குமேல் சிறிதாக்க முடியாத நிலைக்குக் கொண்டுவந்திருந்தது. ஒரே ஊரில், ஒரே வீட்டில், ஒரு பிள்ளையோடு வாழ வேண்டும். இதைத்தான் நாங்கள் கேட்டோம். அலுவலக மொழியில் அதற்கு மாறுதல் விண்ணப்பம் என்று பெயர்.

அவளுடைய தம்பி கொண்டுவந்த பெட்டியின் மூடியில் சிவப்புக் கூரையும் வெள்ளைச் சுவரும் வாசலில் பூச்செடியும் கொண்ட ஒரு வீட்டின் படம் இருந்தது. ஒரு கட்டையின் தலையில் உள்ள குமிழ்கள் மற்றொரு கட்டையின் அடியில் சிக்கிக்கொள்ளும். பசை வேண்டாம், ஆணி வேண்டாம். சென்ட் பாட்டிலையும் டார்ச் லைட்டையும் எனக்குக் கொடுத்துவிட்டு, பெட்டியை அவன் அக்காவிடம் நீட்டினான்.

“மருமகப் புள்ளைக்குக்கா.”

“எந்தப் புள்ளைக்குடா?”

“இனிமே பொறக்கப்போறதுக்கு.”

“மொதல்ல நாங்க ரெண்டு பேரும் ஒரே ஊர்ல இருக்கணும்டா. புள்ள தபால்ல வராது.”

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அவன் என்னைப் பார்த்தான். நான் மூடியிலிருந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் கண்காட்சிச் சுற்றறிக்கை வந்தது. அதுவரை அவளுடைய பள்ளி ஆண்டுதோறும் களிமண்ணால் எரிமலை செய்து, ஆண்டுதோறும் ஆறுதல் பரிசு பெற்றுவந்தது. போக்குவரத்து என்ற தலைப்பில் எரிமலைக்கு இடமில்லை என்று தெரிந்ததும் தலைமையாசிரியை கலங்கிப்போனார். என் மனைவியை அழைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்.

“இந்த வருஷம் ஃபர்ஸ்ட் பிரைஸ் நமக்கு வந்தாகணும் டீச்சர். நீங்க வாங்கிக் குடுங்க. பரிசு குடுக்க வர்ற பெரிய சார்கிட்ட மேடையிலயே உங்க டிரான்ஸ்பரப் பத்தி நான் சொல்றேன். அவரு வாயால ஒரு வார்த்த வந்துட்டா அப்பறம் ஃபைலு தானா நடக்கும்.”

மாணவியரின் படைப்பாற்றலை வளர்ப்பதற்கான கண்காட்சி அது. ஆகவே வழக்கப்படி ஆசிரியைகள் செய்வார்கள். மாணவியர் அதை விளக்கும் பத்தியை மனப்பாடம் செய்வார்கள். படைப்பாற்றல் இவ்வாறு இரு தரப்பிலும் வளரும்.

எதிர்கால ஸ்கூட்டர் ஒன்றைச் செய்வதென்று முடிவாயிற்று. நிகழ்கால ஸ்கூட்டரைப் பற்றி எங்களுக்கு அனுபவம் இல்லை. அதற்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தோம். அது கைக்கு வரும்போது எப்படியும் இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்துவிடும் என்பதால் தலைப்பு எங்களுக்குப் பொருந்தியது. என் துறைத் தலைவரிடம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு காலையிலும் அவர் அதை ஒருபுறமாகச் சாய்ப்பார், பிறகு நிமிர்த்துவார், பிறகு உதைப்பார், பிறகு நடந்தே கல்லூரிக்கு வருவார்.

நான் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவன். வரைகட்டத் தாளில், காற்றின் எதிர்ப்பைக் கணக்கிட்டு, மூக்கு நீண்ட வாகனம் ஒன்றை வரைந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவள் அதைக் கையில் வாங்கி, கிழக்கும் மேற்குமாகத் திருப்பிப் பார்த்தாள்.

“இது திண்டிவனத்த விட்டு வெளிய வர்றதுக்கா, பூமிய விட்டே வெளிய போறதுக்கா?”

“வேகம் முக்கியம் இல்லையா?”

“வேகமாப் போறவங்க சேல கட்டிக்கினு எங்க உக்கார்றது? இந்த மூக்கு மேலயா?”

மேலும், பெட்டியில் வளைவு என்பதே இல்லை. வீடு கட்டுவதற்கான கட்டைகள், எல்லாம் செங்கோணம். எதிர்காலம் சதுரமாகத்தான் இருக்கும் என்று அவள் தீர்ப்பளித்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். சிவப்புக் கூரை வண்டியின் உடலாயிற்று. ஜன்னல் முகப்புக் கண்ணாடியாயிற்று. அதன் இரு கதவுகளையும் திறந்து மூடலாம், காற்று வேண்டுமென்றால் திறந்துகொள்ளலாம். வாசற்கதவு பின்புறம் டிபன் கேரியர் வைக்கும் பெட்டிக்குப் போயிற்று. வேலித் துண்டு ஒன்று கைப்பிடியாக, இன்னொன்று பின்னால் அமர்பவர் பிடித்துக்கொள்ளும் கம்பியாக ஆயின. தோட்டத்து வண்டியின் நான்கு சக்கரங்களை இரண்டிரண்டாகச் சேர்த்ததால், சாய்க்காமலே நிற்கும் முதல் இந்திய ஸ்கூட்டர் உருவானது.

பெட்டியில் கட்டைவிரல் உயரத்தில் இரண்டு மனிதர்கள் இருந்தார்கள்: மஞ்சள் முடியோடு ஒரு பெண், தொப்பியோடு ஓர் ஆண். பெண்ணின் முடிக்குக் கறுப்பு மை பூசி, நெற்றியில் சிவப்பு மையால் பொட்டு வைத்தாள். அவளைக் கைப்பிடியின் பின்னே உட்காரவைத்தாள். ஆணை அவளுக்குப் பின்னால், கால்கள் இரண்டையும் ஒரே பக்கம் தொங்கவிட்டு.

“எதிர்காலத்தில் நான் இப்படித்தான் உட்கார்ந்து வரவேண்டுமா?” என்றேன்.

“சேலையில்லாமலே உக்கார்றீங்க. இன்னும் சௌகரியம்.”

ஞாயிறு போதவில்லை. எனவே வாரத்தின் நடுவே ஒருநாள் மாலையில், அவளுக்குக் கிட்டத்தில், எனக்குச் சற்றுத் தொலைவில் உள்ள கூட்டேரிப்பட்டில் சந்திப்பதென்று ஏற்பாடு. நெடுஞ்சாலை முனையில் ஒரு டீக்கடை. சிறப்பு வகுப்பைச் சக ஆசிரியையின் தலையில் கட்டிவிட்டு, செய்தவரைக்கும் உள்ளதை ஒயர்கூடையில் துண்டு போட்டு மூடி அவள் கொண்டுவருவாள். நான் திருத்திய வரைபடங்களைக் கொண்டுபோவேன். அவள் என் வரைபடத்தை நாலாக மடித்து, மேசை ஆடாமல் இருக்க அதன் காலின் அடியில் வைத்துவிட்டு, தான் செய்ததை விளக்குவாள். ஒரு பேருந்து தவறும்வரை பேசுவோம். பிறகு அடுத்த பேருந்து வரும்வரை பேசுவோம். ஸ்கூட்டரைப் பற்றிய பேச்சு அதில் கால் பங்குகூட இருக்காது.

மூன்றாவது வாரம் கடைக்காரர் எங்கள் மேசையருகே வந்து, துணியால் துடைத்த இடத்தையே மீண்டும் துடைத்தார். அவளுடைய தாலிச் சரடு சேலைக்குள் இருந்தது.

“சார், கேக்கறேன்னு தப்பா நெனைச்சிக்காதீங்க. எத்தினி நாளு இப்பிடியே வந்துக்கினு போய்க்கினு இருப்பீங்க? வூட்ல சொல்லி ஒரு முடிவு பண்ணுங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“ஒத்துக்க மாட்றாங்கண்ணே.”

“ஜாதியா?”

“இல்லண்ணே. டிபார்ட்மென்ட்டு.”

அவர் சற்று யோசித்தார். “எதா இருந்தா இன்னாம்மா. தோ மயிலம் கோயிலு. மால மாத்திக்கினீங்கன்னா எவன் கேக்கப்போறான்? சாட்சிக் கையெழுத்து நான் போடறேன். சார் பாக்கறதுக்குக் கொஞ்சம் பயந்தவரா தெரியறாரு, நீங்கதான் தைரியம் சொல்லணும்.”

“சொல்லிக்கினுதான் இருக்கேன்ணே.”

மாறுதல் விண்ணப்பத்தை ஆண்டுக்கணக்காகப் பார்த்த அத்தனை அதிகாரிகளுள், எங்கள் இருவரையும் ஒன்றுசேர்க்கத் தம் கையெழுத்தைத் தர முன்வந்தவர் அந்த டீக்கடைக்காரர் ஒருவரே.

கண்காட்சி நாளன்று நான் விடுப்பு எடுத்துக்கொண்டு திண்டிவனம் போனேன். அவளுடைய பள்ளியின் பெரிய கூடத்து மேசைகளில் வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். அட்டை விமானம், தெர்மோகோல் கப்பல், ரயில் என்று சொல்லப்பட்ட தீப்பெட்டி வரிசை. எங்கள் ஸ்கூட்டர் சிவப்பும் வெள்ளையுமாக நின்றது. அருகில் எண்ணெய் வைத்துச் சீவிய இரண்டு மாணவியர் பத்தியை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். நேரம் இருந்தது. அந்த நேரத்தில் தலைமையாசிரியை ஒரு தட்டோடு வந்தார். சந்தனம், குங்குமம், சூடம், ஓர் எலுமிச்சம்பழம்.

“பூஜ போடாம வண்டிய எப்படி டீச்சர் வெளிய எடுக்கறது?”

“மேடம், இது பொம்மை.”

“பொம்மையா இருந்தாலும் வண்டிதானே. போன வருஷம் எரிமலைக்கே தேங்கா ஒடைச்சிட்டுத்தான் பத்த வெச்சோம்.”

ஜன்னல் கதவுகளில் சந்தனம் அப்பினார், குங்குமம் வைத்தார். ஓட்டுநரின் பொட்டுக்கு மேல் இன்னொரு பொட்டு விழுந்து, அவள் முகம் மறைந்தது. சூடம் காட்டியபோது பிளாஸ்டிக் உருகுமோ என்று நான் முன்னால் வந்தேன். கண்ணில் ஒற்றிக்கொள்ள வந்ததாக நினைத்து என்னிடம் தட்டை நீட்டினார். ஒற்றிக்கொண்டேன். பிறகு எலுமிச்சம்பழத்தை முன்சக்கரத்தின் அடியில் வைக்கச் சொன்னார். பழம் சக்கரத்தைப் போல மூன்று மடங்கு பெரியது. பள்ளி உதவியாளர் இரண்டு முறை முயன்றுவிட்டு நிமிர்ந்தார்.

“ஏற மாட்டேங்குதும்மா.”

“ஏறணும்யா. நசுங்கினாத்தான் திருஷ்டி போவும். லேசா அமுக்கு.”

அவர் லேசாக, அடிகுழாயை அழுத்துபவரைப் போல, அமுக்கினார். பழமும் நசுங்கியது. ஸ்கூட்டர் முகப்பு ஒரு மேசையிலும் பின்புறம் இன்னொரு மேசையிலுமாகப் பிரிந்தது. கணவன் கப்பலுக்குள் விழுந்தான்.

தலைமையாசிரியை கன்னத்தில் போட்டுக்கொண்டார். “பாத்தீங்களா டீச்சர், எவ்ளோ திருஷ்டி இருந்திருக்கு.”

வெளியே ஜீப் வந்து நிற்கும் ஓசை கேட்டது. என் மனைவி சிதறிய துண்டுகளைப் பொறுக்கினாள். சேலை முந்தானையால் கட்டைகளைத் துடைத்துத் துடைத்துப் பொருத்தினாள். எலுமிச்சைச் சாறும் சந்தனமும் குமிழ்களில் அடைத்துக்கொண்டு, ஒன்றோடொன்று சேர மறுத்தன. நான் எடுத்துக்கொடுத்தேன். அவசரத்தில், பின்னிருக்கையின் தாழ்ந்த கம்பி முன் கைப்பிடியின் உயரத்துக்கே நின்றுவிட்டது. கணவனும் முகத்தைப் பின்பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அதைப் பிய்த்தெடுத்து மாற்றுவதற்குள் பரிசு கொடுக்க வந்த கல்வி அதிகாரி எங்கள் மேசைக்கு வந்துவிட்டார்.

மாணவி தொடங்கினாள். “வணக்கம். இது இரண்டாயிரமாவது ஆண்டின் ஸ்கூட்டர். இதற்கு ஒரு கைப்பிடி...” என்று சொல்லி, இரண்டைப் பார்த்து, நிறுத்திக்கொண்டாள்.

அதிகாரி குனிந்து பார்த்தார். “ரெண்டு ஹேண்டில்பார் எதுக்கும்மா?”

என் மனைவி ஒட்டும் விரல்களைப் பின்னால் மறைத்துக்கொண்டு முன்வந்தாள்.

“இது புருஷன் ஒரு ஊர்லயும் பொண்டாட்டி ஒரு ஊர்லயும் வேல பாக்கறவங்களுக்கான வண்டிங்க சார். போறப்ப ஒருத்தர் ஓட்டுவாங்க, வர்றப்ப இன்னொருத்தர் ஓட்டுவாங்க. எங்கயும் திருப்ப வேண்டியதில்ல.”

“ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஓட்டினா?”

“கூட்டேரிப்பட்டுலயே நின்னுடும்ங்க சார்.”

அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்ததால் தலைமையாசிரியை சிரித்தார். அவர் சிரித்ததால் மற்ற தலைமையாசிரியர்களும் சிரித்தார்கள். முதல் பரிசு அங்கேயே முடிவாகிவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். திருமண நாளில்கூட அவள் முகத்தில் நான் காணாத ஒரு நம்பிக்கை அதில் இருந்தது. விழுப்புரத்தில் அலமாரியில் எந்தப் பகுதியை அவளுக்கு ஒழித்துத் தருவது என்று நான் யோசிக்கத் தொடங்கியிருந்தேன்.

பரிசளிப்பின்போது, தலைமையாசிரியை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். இதை நான் நேர்மையோடு பதிவு செய்ய வேண்டும். அதிகாரியின் காதருகே குனிந்து, என் மனைவியைக் காட்டி, நெடுநேரம் பேசினார். அதிகாரி தலையசைத்தார். பிறகு ஒலிபெருக்கியின் முன் வந்தார்.

“இந்த ஆசிரியை விழுப்புரத்துக்கு மாறுதல் கேட்டிருப்பதாகத் தலைமையாசிரியை அம்மையார் என்னிடம் சொன்னார்கள். இவ்வளவு திறமையும் நகைச்சுவை உணர்வும் உள்ள ஓர் ஆசிரியை. மாணவச் செல்வங்களே, நான் உங்களையே கேட்கிறேன். இவரை நீங்கள் விட்டுவிடுவீர்களா?”

மேடையிலிருந்து இப்படிக் கேட்டால் என்ன விடை சொல்ல வேண்டும் என்பது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பால்வாடியிலேயே தெரியும்.

“மாட்டோம்.”

“கேட்கவில்லையே.”

“மாட்டோம்.”

கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. அரசு மாறுதல் விதிகளில் மாணவியர் குரல் வாக்கெடுப்பு என்றொரு பிரிவு இருப்பதை அன்றுதான் அறிந்தேன். மேடையில் நின்றவர்கள் எல்லாரும் தட்டினார்கள். தனியே தட்டாமல் நிற்பது பார்வைக்கு நன்றாக இராது என்பதால், என் மனைவியும் தட்டினாள். பரிசு ஓர் எவர்சில்வர் தட்டு. ஒருவர் சாப்பிடும் அளவு. ஸ்கூட்டரைப் பள்ளியின் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

கீழே இறங்கியதும் தலைமையாசிரியை அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தார், அதில் நடிப்பு இல்லை.

“எவ்ளோ பெருமையா பேசினாரு பாத்தீங்களா டீச்சர்? நம்ம ஸ்கூலுக்கு இப்பிடி நடந்ததே இல்ல.”

“ஆமாங்க மேடம்,” என்றாள் என் மனைவி. “அடுத்த வருஷம் நாம தோக்கறதுக்கு என்ன பண்ணணும்?”

அவர் அதையும் நகைச்சுவை உணர்வு என்றே எடுத்துக்கொண்டார்.

தூறிக்கொண்டிருந்தது. பேருந்து நிலையம்வரை தட்டைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியதால், “அடுத்த வருஷம் பார்ப்போம்” என்றேன்.

“அடுத்த வருஷம்னு சொல்லாதீங்க. வருங்காலத்த இப்பத்தான் உள்ள பாத்துட்டு வர்றேன்.”

விழுப்புரம் பேருந்து புறப்படத் தயாராக இருந்தது. என்னை ஏற்றிவிட்டாள். ஜன்னல் வழியாகத் தட்டை என்னிடம் நீட்டினாள்.

“நீங்க வெச்சிக்கோங்க. எனக்கு இங்க ஒரு தட்டு இருக்கு.”

மாறுதல், விண்ணப்பித்த ஆறாம் ஆண்டில் வந்தது. அதற்கு யாரும் சிபாரிசு செய்யவில்லை, யாரும் புகழவில்லை. கோடைக்காலப் பட்டியலில் பல பெயர்களுக்கு நடுவே அவள் பெயரும் இருந்தது. அன்றிலிருந்து சென்ற ஐப்பசிவரை ஒரே வீட்டில் இருந்தோம். பிள்ளை இல்லை. மருத்துவர்கள் வயதைக் காரணம் சொன்னார்கள். அவள் அலுவலகத்தைச் சொன்னாள். இருவரும் ஒரே செய்தியைத்தான் சொன்னார்கள்.

செய்யாமல் இருப்பவை:

திண்டிவனம் பள்ளியில் அந்த அலமாரி இன்னும் இருக்கிறதா என்று விசாரித்தல்.

மைத்துனனின் கடிதத்துக்குப் பதில் எழுதுதல்.

அவளுடைய மூக்குக்கண்ணாடியை எங்கே வைப்பது என்று முடிவு செய்தல்.

குடும்ப அட்டையிலிருந்து அவள் பெயரை நீக்குதல். விண்ணப்பம் நிரப்பியாயிற்று. என் பரிசீலனையில் உள்ளது.